வந்தவரும் இருந்தவரும்

(மாட்டுத்தாவணியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இரவு ஷிப்டு முடித்து உறங்காமல் வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மேலூர்ப் பக்கமிருந்தும் சோழவந்தான் பக்கமிருந்தும் நாற்று நட்ட கையோடு பஸ் ஏறி வந்த தாய்மார்கள் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நாம் நிற்கும் இந்த இடத்துக்கு மாட்டுத்தாவணி என்று பெயர். தாவணி என்றால் மாட்டுச் சந்தை. பல ஜில்லாக்காரர்கள் மாடு பிடித்துக்கொண்டு வருவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விற்றவன் ஒரு பக்கம் போவான், வாங்கியவன் ஒரு பக்கம் போவான். 1999-ல் இங்கே பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. பூச்சந்தை வந்தது. நகரின் நடுவிலிருந்த சென்ட்ரல் மார்க்கெட்டும் இங்கே வந்து சேர்ந்தது. மாட்டுக்குப் பதிலாக மனிதர்கள் வந்து இறங்கும் தாவணியாக இது மாறிவிட்டது.

விடியற்காலை மூன்று மணிக்கு இங்கே வந்து பாருங்கள். மல்லிகைப் பூவை ஈரச் சாக்கில் சுமந்து வரும் கிராமத்துப் பெண்கள். லாரியிலிருந்து தக்காளிக் கூடை இறக்கும் சுமைப்பணித் தொழிலாளிகள். சென்னைக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போகும் ராமநாதபுரம், சிவகங்கை ஜில்லா வாலிபர்கள். ரயிலில் வந்து இறங்கி, மேஸ்திரி வருவான் என்று மூட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரிஸ்ஸாக்காரர், பீகார்க்காரர், வங்காளி. இவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதமும் இங்கே இருப்பார்கள்? யாருக்கும் தெரியாது.

மதுரையைத் தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். தூங்காமல் இருப்பது யார்? பெரும்பாலும் இந்த ஊரில் படுக்க இடம் இல்லாதவர்கள்தான்!

இப்படி வருவோரும் போவோருமாக இருக்கிற ஊரில், இருந்து வாழ்கிற நாம் அவர்களை எப்படிப் பார்ப்பது? விரோதியாகவா, விருந்தாளியாகவா, தொழிலாளியாகவா? இதுதான் இன்றைய பேச்சு.

பெயர் தெரியாத மனிதர்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டட வேலை நடந்தது. சாரம் சரிந்து ஒருவர் விழுந்தார். நாங்கள் நாலு பேர் ஓடித் தூக்கி ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீட்டு எழுதுகிறவர் கேட்டார்: “பெயர் என்ன? ஊர் எது? உறவுக்காரர் யார்?”

எங்களுக்குத் தெரியவில்லை. அவரோடு நாலு மாதம் கலவை சுமந்தவரைக் கேட்டோம். “அண்ணே என்று கூப்பிடுவேன். பெயர் கேட்டதில்லை” என்றார். மேஸ்திரியைத் தேடினோம், ஆள் இல்லை. காண்டிராக்டர் போனை எடுக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரே அறையில் எட்டுப் பேராக அவர் தங்கியிருந்தார். தினமும் எங்கள் டீக்கடையில்தான் டீ குடித்தார். அவருடைய முகத்தை அறிவோம், வேறொன்றும் அறியோம்.

“வடக்கத்தி ஆளாக இருக்கும்” என்று யாரோ சொன்னார். கடைசியில் சட்டைப் பையில் ஒரு பஸ் டிக்கெட் கிடைத்தது. கமுதியிலிருந்து வந்த டிக்கெட். ஒரிஸ்ஸாவும் இல்லை, பீகாரும் இல்லை. கமுதிப் பக்கத்துக்காரர், நம்முடைய பாஷை பேசுகிறவர். மறுநாள் மாலை அவருடைய சம்சாரம் வந்து சேர்ந்தபோது அவருக்கு உயிர் இல்லை.

தோழர்களே! அவரைக் கொன்றது சரிந்த சாரம். ஆனால் அவரைப் பெயரில்லாதவராகச் சாகவிட்டது யார்? காண்டிராக்டர் மட்டும்தானா? “நாலு நாளில் போகிற ஆள்தானே” என்று நினைத்திருந்த நாங்களும்தான். இதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம்.

யார் இந்த ஊர்க்காரர்?

“ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்” என்று பழமொழி சொல்வார்கள். சரி, மதுரையில் ஊர்ப் பிடாரி யார்?

சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்ற சௌராஷ்டிர நெசவாளிகள் குஜராத் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாக இடம் பெயர்ந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்தவர்கள். வீட்டிலே இன்றும் தங்கள் பாஷையைப் பேசுகிறார்கள். அவர்களை மதுரைக்காரர் இல்லை என்று சொல்ல இன்று யாருக்காவது வாய் வருமா?

நமது கதைதான் என்ன? 1892-ல் ஹார்வி கம்பெனி இங்கே பஞ்சாலையை ஓட்டத் தொடங்கியது. மழையை நம்பிய மானாவாரிக் காட்டில் பிழைக்க முடியாமல், கடனுக்கு நிலத்தை விட்டவர்கள் மில் கேட்டில் வந்து நின்றார்கள். மேஸ்திரிக்குக் கையூட்டுக் கொடுத்து உள்ளே போனார்கள். அறுப்பு வந்தால் ஊருக்குப் போவார்கள். அறுப்பு முடிந்தால் மில்லுக்கு வருவார்கள். அன்றைய மில் தொழிலாளியும் வந்து போகிற ஆள்தான். போகப் போக வேர் பிடித்தான், சங்கம் வைத்தான், பஞ்சப்படி கேட்டான், இந்த ஊரின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயமானான். நம்மில் பலர் அவனுடைய பேரப் பிள்ளைகள்.

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதுமல்ல. முந்நூறு வருஷத்துக்கு முன் ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரால் ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் இருப்பதை எல்லோரும் அறிவீர்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த ஜனங்கள் ஆற்று மணலில் அடுப்பு மூட்டிப் பல நாள் தங்குவார்கள். ஊர் அவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுத்தது. வேஷ்டியில் சாமி பார்க்க வந்தவனுக்கு நீர்மோர். அதே வேஷ்டியில் வேலை கேட்டு வந்தவனுக்குச் சந்தேகப் பார்வை என்றால், இதென்ன நியாயம்?

கோவலனுக்கு நடந்தது என்ன?

இந்தச் சந்தேகம் பழைய வியாதி. பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்த வெளியூர்க்காரர்களில் நம் இலக்கியம் நன்றாக அறிந்தவன் கோவலன். புகாரிலே சொத்தை இழந்து, மனைவியோடு நடந்தே இந்த ஊருக்கு வந்தான். அவர்களுக்கு இடம் கொடுத்தது யார்? நகரத்துச் செல்வரல்ல. மதிலுக்கு வெளியே, மோர் விற்றுப் பிழைக்கும் மாதரி என்ற இடைச்சி. சமைக்கப் பாத்திரம் கொடுத்தாள். துணைக்குத் தன் மகளைக் கொடுத்தாள்.

அவன் சிலம்பை விற்கப் போனான். உண்மையான திருடன் அரண்மனைக்கு வேண்டிய பொற்கொல்லன். ஆனால் அகப்பட்டவன் வெளியூர்க்காரன். அவனை அறிந்தவர் நகரத்துக்குள் யாரும் இல்லை, விசாரணை இல்லை, வெட்டிப் போட்டார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதன் செய்த திருட்டை வெளியூர் ஏழையின் தலையில் கட்டுவது அன்றே தொடங்கிவிட்டது!

வெள்ளைக்காரன் இதையே சட்டமாக்கினான். குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற கொடுமையை நமது உசிலம்பட்டிச் சீமை ஜனங்கள் மேல் ஏவினான். கைரேகை வை, இரவில் போலீஸில் ஆஜராகு, ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்கு என்றான். மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி சுட்டான். ஒரு பெண் உள்பட 16 பேர் மாண்டார்கள். நடமாடுகிற ஏழை என்றாலே குற்றவாளி என்பதுதான் அந்தச் சட்டத்தின் உட்பொருள். 1947-ல் நமது மாகாணத்திலும் 1952-ல் நாடு முழுவதும் அது ஒழிந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒழிந்தது நம் மனத்திலிருந்தும் ஒழிந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாமும் வெளியூர்க்காரர்தான்

கடல் கடந்து போன நம்மவரை நினைத்துப் பாருங்கள். கங்காணியின் பேச்சை நம்பி மண்டபம் முகாம் வழியாக இலங்கை மலைக்குப் போனார்கள். காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். 1947 தேர்தலில் வாக்களித்தார்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள்: 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000; இலங்கைக்கு 3,00,000; மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! இந்தத் தாவணியில் மாடுகளைக்கூட இப்படிப் பங்கு பிரித்ததில்லை.

பம்பாயில் என்ன நடந்தது? 1966-ல் சிவசேனை தோன்றியது. ‘மதராஸி’ வந்து வேலையைப் பறித்தான் என்று கூச்சல் எழுப்பி, தாராவி தோல் பட்டறையில் உழைத்த திருநெல்வேலிக்காரனையும், மாதுங்காவில் இட்லி விற்றவனையும் அடித்தார்கள். அதனால் மராட்டியத் தொழிலாளிக்கு வேலை கிடைத்ததா? ஜவுளி ஆலைகள் பின்னாளில் மூடப்பட்டபோது மராட்டியனும்தான் தெருவுக்கு வந்தான். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்னையை வைத்து பெங்களூரில் குடிசைத் தமிழர்களைத் தாக்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டி ஓடி வந்தார்கள்.

அன்று நாம் என்ன கேட்டோம்? “உழைத்துப் பிழைக்கப் போனவனை ஏன் அடிக்கிறாய்?” என்று கேட்டோம். அதே கேள்வி இன்று நம்மை நோக்கி வந்தால் பதில் சொல்ல யோக்யதை வேண்டாமா?

கூலியைக் கெடுப்பவன் யார்?

இனி உங்கள் மனத்தில் உள்ள கேள்விக்கு வருகிறோம். பின்வரிசையில் இருக்கும் அம்மா ஒருவர் கூட்டம் தொடங்கும் முன்பே கேட்டுவிட்டார்: “எல்லாம் சரி தம்பி, வங்காளத்து ஆட்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி நட்டுவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு நடவு இல்லை. நாங்கள் எதைத் தின்பது?”

நியாயமான கேள்வி. இதை மூடி மறைத்துவிட்டு ஒற்றுமை பேசினால் அது வெறும் பேச்சு.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு மில்லில் உள்ளூர்த் தொழிலாளிக்கு நாளுக்கு 600 ரூபாய். முதலாளி வெளிமாநிலத்திலிருந்து நூறு பேரை 450-க்குக் கொண்டுவருகிறார். ஆளுக்கு 150 மிச்சம், நாளுக்கு 15,000. இந்தப் பதினைந்தாயிரம் யார் பையில் விழுகிறது? ஒரிஸ்ஸாக்காரன் பையிலா? அவன் ஊருக்கு அனுப்பியதுபோக அறையில் எட்டில் ஒரு பங்கு வாடகை கட்டிக் கஞ்சி குடிக்கிறான். அடுத்த மாதம் முதலாளி நம்மிடம் வந்து, “450-க்கு ஆள் இருக்கிறான், உனக்கு எதற்கு 600?” என்கிறார். அவனுக்குக் குறைத்தது நமக்கும் குறைகிறது. கூலியைக் கெடுப்பவன் குறைந்த கூலி வாங்குகிறவன் அல்ல, கொடுக்கிறவன்.

இதற்கு முதலாளிகளுக்கு அயல் பாஷை தேவையுமில்லை. கேம்ப் கூலி முறையை, சுமங்கலித் திட்டத்தை மறந்துவிட்டோமா? திண்டுக்கல், கோவை, விருதுநகர் பஞ்சாலைகளில் நமது கிராமத்துப் பெண் பிள்ளைகளை, மூன்று வருஷம் முடித்தால் கலியாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டி, மில் விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கினார்கள். சங்கக்காரன் முகத்தைப் பார்க்கவிடவில்லை. மூன்று வருஷத்துக்குள் உடல் கெட்டுத் திரும்பியவளுக்கு அந்தத் தொகையும் கிடைக்கவில்லை. அவர்கள் பேசியது தமிழ்தான். முதலாளிக்கு வேண்டியது பாஷையல்ல. சீக்கிரம் போய்விடக்கூடிய, கேட்க நாதியில்லாத ஆள்தான் வேண்டும்.

வெண்மணியை நினைவுபடுத்துகிறோம். கீழத் தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. மிராசுதார்கள் அதை மறுத்து வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்ய முயன்றார்கள். அந்தத் தகராறின் முடிவு 1968 டிசம்பர் 25 இரவு: ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. எரித்தது வெளியூரிலிருந்து அறுக்க வந்த ஏழையல்ல. உள்ளூர் ஏழைக்கு எதிராக வெளியூர் ஏழையை நிறுத்தியவன் எங்கே நின்றான் என்று பாருங்கள். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்!

ஆகவே அம்மா, நமது பதில் இதுதான். வங்காளத்து ஆளை விரட்டினால் அடுத்த போகத்துக்கு நடவு இயந்திரம் வரும். அல்லது பக்கத்து ஜில்லாவிலிருந்து இன்னொரு ஏழை வருவான். நடவுக்கு ஊரறிந்த கூலி ஒன்றை நிர்ணயிக்கச் செய்வோம். உள்ளூர் ஆள் நட்டாலும் வெளியூர் ஆள் நட்டாலும் அதற்குக் கீழே கைநாற்று நடாது என்று நிற்போம். கூலி ஒன்றானால், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஆள் கொண்டுவர மிராசுதாருக்கு என்ன ஆசை மிஞ்சும்? இது ஒரே நாளில் நடக்காது என்பதை அறிவோம். இதைவிடக் குறுக்கு வழி ஒன்று இருப்பதாகச் சொல்கிறவனை நம்பாதீர்கள்.

சட்டம் என்ன சொன்னது?

வெளிமாநிலத் தொழிலாளிக்காக 1979-ல் ஒரு சட்டம் வந்தது. உள்ளூர்த் தொழிலாளிக்குக் குறையாத கூலி, போட்டோ ஒட்டிய பாஸ்புத்தகம், தங்க இடம், இடப்பெயர்ச்சிப் படி, பயணப்படி எல்லாம் கொடுக்கச் சொன்னது. ஆள் இறந்தாலோ பெருங்காயம் பட்டாலோ உறவினருக்கும் இரு மாநில அதிகாரிகளுக்கும் காண்டிராக்டர் தகவல் தர வேண்டும் என்றது. எழுத்தில் நல்ல சட்டம். ஆனால் காண்டிராக்டர் மூலம் வந்தவனுக்கு மட்டும். தானாக ரயிலேறி வந்தவனுக்கு இல்லை. மாநிலம் தாண்டியவனுக்கு மட்டும். கமுதியிலிருந்து மதுரைக்கு வந்து சாரத்திலிருந்து விழுந்தவருக்கு இல்லை.

இப்போது அந்தச் சட்டம் 2020-ல் நிறைவேறி 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. தானாக வந்தவனையும் சேர்த்துக்கொண்டார்கள், அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தும் என்ற விதி பத்துப் பேர் என்று மாறியது. இடப்பெயர்ச்சிப் படி போய்விட்டது. ஒன்பது பேரை வைத்துக்கொள்ளக் காண்டிராக்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

2020 மார்ச் 24 இரவு, நாலு மணி நேர அவகாசத்தில் நாடே மூடப்பட்டது நினைவிருக்கிறதல்லவா? லட்சக்கணக்கானோர் குழந்தையைத் தோளில் சுமந்து நடந்தார்கள். மே 8-ம் தேதி அவுரங்காபாத் அருகே களைத்துப் போய்த் தண்டவாளத்தில் படுத்த 16 பேர் மேல் கூட்ஸ் ரயில் ஏறியது. எத்தனை பேர் இப்படி இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, கணக்கு இல்லை என்றது மத்திய சர்க்கார். பெயர் எழுதப்படாதவன் சாவும் எழுதப்படுவதில்லை.

2023 மார்ச் வாக்கில் நமது மாநிலத்தில் பீகார்த் தொழிலாளிகளை வெட்டுகிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். வேறெங்கோ நடந்ததை எடுத்து ஒட்டியது என்று தெரிந்தது. ஆனால் பயந்தவர்கள் ரயில் நிலையங்களில் குவிந்தார்கள். பக்கத்து அறையில் நாலு வருஷமாக இருக்கிற தமிழன்மேல் அவர்களுக்கு நம்பிக்கை இருந்திருந்தால் அந்தப் பொய் இவ்வளவு ஓடியிருக்குமா?

நாம் செய்ய வேண்டியவை

“போகிற ஆளைச் சங்கத்தில் சேர்த்து என்ன பயன்?” என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். ஆள் போவான், தோழர்களே. ஆனால் அவன் வாங்கிய கூலி விகிதம் இங்கேயே இருக்கும்! அவன் நின்ற இடத்தில் அதே விகிதத்தில்தான் அடுத்தவன் நிற்பான். நாளை அங்கே நிற்பவன் நம் மகனாகவும் இருக்கலாம். ஆகவே நிலையான ஆளுக்கு மட்டும் சங்கம் என்ற பழக்கத்தை விட வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு மில் கேட்டிலும் ஒவ்வொரு கட்டட வேலையிலும் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று பெயர், ஊர், வீட்டு டெலிபோன் எண் மூன்றையும் எழுதி வையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். அந்த நோட்டு போலீசுக்கல்ல, அவர்கள் குடும்பத்துக்கு.

இரண்டாவது, சம வேலைக்குச் சமகூலி என்ற கோரிக்கையை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் முதல் வரியாக வையுங்கள். இந்தியில், ஒரியாவில், வங்காளியில் நாலு வரி நோட்டீஸ் போடுங்கள். பாஷை தெரியாவிட்டால் அவர்களிலேயே எழுதத் தெரிந்தவன் ஒருவன் கட்டாயம் இருப்பான்.

மூன்றாவது, 2020 அக்டோபர் முதல் நமது மாநிலமும் ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. வெளிமாநிலக் கார்டுக்கும் இங்கே அரிசி, கோதுமை உண்டு. இது தெரியாமல் வெளியே விலை கொடுத்து வாங்குகிறவனை ரேஷன் கடைக்கு அழைத்துப் போங்கள்.

நான்காவது, ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு நூறு பேர் தங்க ஓர் இரவு விடுதி என்பது நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் கணக்கு. மதுரை மாநகராட்சியின் ஜனத்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கணக்கை வைத்துக் கவுன்சிலரைக் கேளுங்கள். பூக்காரப் பெண் பயமில்லாமல் நாலு மணி நேரம் கண் அயர இந்தத் தாவணியிலே இடம் வேண்டும், சுத்தமான கழிப்பிடம் வேண்டும், அதுவும் காசில்லாமல் வேண்டும். ராணிக்குத் தெரிந்த தர்மம் நகராட்சிக்குத் தெரியக் கூடாதா?

2011 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் சுமார் 45 கோடிப் பேர் இடம் பெயர்ந்தவர்கள். அவர்களில் கலியாணமாகிப் புருஷன் ஊருக்குப் போன பெண்கள்தான் மிக அதிகம். இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, நீங்களும் ஒரு நாள் வேற்றூரிலிருந்து வந்தவர்கள்தான். புது ஊரில் முதல் நாள் யார் உங்கள் பெயரைக் கேட்டார், யார் ஒரு குடம் தண்ணீர் பிடிக்க இடம் விட்டார் என்பதை நீங்கள் இன்றும் மறந்திருக்கமாட்டீர்கள்.

எனவே தோழர்களே, இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் எட்டுப் பேர் படுக்கும் அறை ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் வாசலில் நின்று ஒருவருடைய பெயரைக் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் நாங்கள் அன்று செய்யத் தவறியது அதுதான். அதிலிருந்து தொடங்குவோம்.